கேள்வி பதினேழு

மங்கலம் ரோட்டில் ஒரு தறிக்குடோன். பன்னிரண்டு தறி.
நான் வாய் திறந்ததும் சொல் காணாமல் போனது.
டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினேன்:
உங்கள் கருத்தை அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா?
ஒன்று என்றால் முடியவே முடியாது,
ஐந்து என்றால் தாராளமாக.

துளசிமணி அறுந்த இழையைத் தேடிப் பிடித்து
முடிச்சுப் போட்டுக்கொண்டே
என்னமோ சொன்னாள்.
ஒரு வார்த்தை இல்லை, நிறைய.
நடுவில் இடது கையை ஒருமுறை வீசினாள்.
கூலி என்றிருக்கலாம்,
கோழி என்றும் இருக்கலாம்.
பக்கத்துத் தறிக்காரி சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

கரண்ட் போனது.
நாடா பாதி வழியில் நின்றது.
கண்ணாடி அறைக்குள்
முதலாளி பேனா மூடுவதுகூடக் கேட்டது.

"அஞ்சு போட்டுக்கோங்"
என்றாள், அந்த அறை வரைக்கும் எட்டுகிற மாதிரி.
"எங்களுக்கென்னங் குறை?"

பக்கத்துக்காரியும் அஞ்சு.
கோன் சுமந்து வந்த பீகார்ப் பையன்
கேள்வி புரியாமலே
ஒரு கையை முழுசாக விரித்தான்.

கரண்ட் வந்தது.
விட்ட இடத்திலிருந்து துளசிமணி
மறுபடி பேசத் தொடங்கினாள்.
காதைக் கொண்டுபோனேன்.
உனக்கில்லை என்பதுபோல் முகத்தைத் தறிப்பக்கம் திருப்பி
நெய்தபடியே பேசினாள்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நின்று அனுப்பிவிட்டேன்.
சராசரி நாலு புள்ளி ஏழு, பச்சை நிறம்.
காலரில் ஒட்டிய பஞ்சைத் தட்டினால் போகவில்லை.

கையேடு, ஆறாம் பக்கம், கொட்டை எழுத்தில்:
சத்தமில்லாத இடத்தில் மட்டுமே
பேட்டி எடுக்கவும்.