கோரும் பரிகாரம்

வேலப்பர் கோயில் வாசலில் ஜோசியக்காரர்
ஒன்பது எலுமிச்சம்பழம் என்றார்.
வக்கீல் அமலோற்பவம்
நூற்றுக்கு மூன்று ரூபாய் என்றார்.
இரண்டு பேரும் சொன்ன சொல் ஒன்றுதான்:
பரிகாரம்.

நான் மேற்படி வாதி.
பூம்பாறை, வீரசின்னம்மாள், வயது நாற்பத்தாறு.
ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
மேலே விடுதிக்காரர் வெட்டி நிறுத்திய மண்
சுவரையும் கூட்டிக்கொண்டு இறங்கி
என் ஐந்து படி நிலத்தில் மூன்றின் மேல்
படுத்துக்கொண்டது.
பூண்டு அப்போதுதான் நாலு விரல் முளைத்திருந்தது.

"என்னென்ன போச்சு, வரிசையாச் சொல்லுங்க."
விதைப்பூண்டு முந்நூறு கிலோ.
எரு, குதிரைச் சுமையில் நாற்பது.
கல் கட்டு மூன்று.
ஓடை.
அமலோற்பவம் பேனாவை நிறுத்தினார்.
"ஓடை புறம்போக்கு. அது உங்க நஷ்டமில்ல."
ராத்திரி மழை கனத்தால்
எழுந்து உட்கார்ந்துகொள்கிறேனே, அது?
"மன உளைச்சல்னு ஒரு வரி போடலாம்.
எவ்வளவு போட?"

கூட்டினால் ஆறு லட்சம்.
ஆறு லட்சம் கேட்க
பதினெட்டாயிரம் கட்ட வேண்டும்.
கையில் ஒன்பது இருந்தது.
ஆகவே மூன்று லட்சத்துக்கு மட்டும்
நான் இழந்தேன்.
மன உளைச்சலை முதலில் அடித்தோம்,
பிறகு ஒரு கல் கட்டை.

அளக்க ஆணையர் வந்த அன்று மேகம் இறங்கிவிட்டது.
டேப்பின் ஒரு முனை என் கையில்.
மறுமுனை பிரதிவாதியின் ஆள் கையில், எங்கேயோ.
இழுத்தால் இழுபட்டது.
"எண்பத்து நாலடி" என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்.
அப்படியே எழுதிக்கொண்டார்.

நாலு வருஷம். முப்பத்தொரு வாய்தா.
கொடைக்கானலிலிருந்து திரும்புகிற பஸ்ஸில்
வளைவுதோறும் வாந்தியெடுக்கும் பிள்ளைகளுக்குக்
கொடுத்துக் கொடுத்தே தீர்ந்தன
ஜோசியக்காரர் சொன்ன பழங்கள்.

முளைத்திருந்தது பூண்டுதான் என்பதற்கு
ரசீது உண்டா என்றார் எதிர்த்தரப்பு.
மோந்து பார்த்தாத் தெரியும் என்றேன்.
தட்டச்சுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
தட்டவில்லை.

தீர்ப்பு:
இனி வெட்டக் கூடாது, நிரந்தரமாக.
நஷ்ட ஈடு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், வட்டி ஆறு.
விழுந்த மண்ணை அகற்றும்படி உத்தரவில்லை;
வாதி அதை இரண்டாம் வருஷமே
தானே அள்ளிவிட்டபடியால்.
"அள்ளாம விட்டிருக்கணும்" என்றார் அமலோற்பவம்.
அள்ளாமல் விட்டால்
எங்கே நடுவது?

அவர் கட்டவில்லை.
நிறைவேற்று மனு. அதற்கு ஏழு வாய்தா.
ஒரு வியாழக்கிழமை அமீனா மூக்கையாவோடு
விடுதிப் படி ஏறினேன், முதல் தடவையாக.
அவர் பட்டியல் எடுத்தார்.
வெந்நீர்ப் பெட்டி இரண்டு.
டிவி ஒன்று, ரிமோட் இல்லை.
நாற்காலி பதினான்கு.
பதினான்காவதில் ஒரு பெண்,
சால்வைக்குள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.
எழுப்பட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தேன்.
கீழே என் நிலம்.
மேலிருந்து நான் பார்த்ததே இல்லை.
ஐந்து படியும் பச்சை.
நடு மூன்று மட்டும் வேறு பச்சை,
ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி.

"என்ன அழகு இல்லக்கா?" என்றாள்.
"இந்த வியூவுக்குத்தான் ரூமுக்கு
ஆயிரத்தைந்நூறு கூட."

"அதையும் எழுதுங்க" என்றேன் மூக்கையாவிடம்.
"எதை?"
கை காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை உதறினார்.
"அசையும் சொத்து மட்டுந்தாம்மா."

பள்ளத்திலிருந்து மேகம் அசைந்து ஏறியது.
நாற்காலி பதிமூன்று என்று திருத்தி
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.