சீட்டில் விழுந்த பக்கம்

ஜாமெட்ரி பாக்ஸைக் குலுக்கி நீட்டினாள் நஸ்ரின்,
பன்னிரண்டாம் வகுப்பு, மன்றச் செயலாளர்.
தலைப்பு முன்பே தெரியும்:
பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள்
தொடரலாமா, கூடாதா.
எனக்கு விழுந்தது 'கூடாது.'

என் அப்பா செல்வின்தாஸ்
டிரம் சுற்றும் ஷெட்டில் பதினேழு வருஷம்.
என் சீருடை, சைக்கிள் செயின்,
பதினொன்றாம் வகுப்பு நோட்டுகள் எல்லாவற்றிலும்
கொஞ்சம் சுண்ணாம்பு வாசம் உண்டு.
சீட்டை மாற்றித் தரச் சொன்னேன்.
"மாத்தினா அது விவாதம் இல்ல, புலம்பல்" என்றாள்.

'தொடரலாம்' தணிகைவேலுக்கு.
துத்திப்பட்டு தாண்டி அவர்கள் நிலம்.
குரும்பை உதிர்ந்து உதிர்ந்து
தென்னைகள் வெறும் கம்பமாய் நின்றதை
தமிழ்க் கட்டுரையில் எழுதி
வகுப்பையே சும்மா இருக்க வைத்தவன்.
சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனான்.
வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் அவனே வந்து கேட்டான்:
"உங்கப்பா காலையில எத்தன மணிக்குக் கெளம்புவாரு?"
நான் கேட்டேன்:
"உங்க கெணத்துத் தண்ணி எப்படி இருக்கும்?"
ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான்.
நாக்கில் வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை,
பிறகு, பழைய ஐந்து ரூபாயை நக்கிய மாதிரி.

அன்று இரவு அப்பாவிடம்
அவர் வேலையைப் பற்றி முதல்முறை கேட்டேன்.
"ஏன்?"
"போட்டிக்கு."
ரெண்டாவது மணிநேரத்தில் கையுறை கிழிவதைச் சொன்னார்.
"என்ன சொன்னாலும் டேங்க்குல மட்டும் எறங்க மாட்டேன்.
எறங்குன ஒருத்தன்..."
திரும்பிப் படுத்துக்கொண்டார்.
அந்த வாக்கியத்தை நான் குறிப்பில் எழுதவில்லை.

சனிக்கிழமை காட்பாடியில் இறங்கி டவுன் பஸ்.
பாலத்துக்குக் கீழே ஆறு,
அதாவது மணல், முள், ஒரு கிரிக்கெட் பிட்ச்.
தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
வேலூரைக் கிண்டல் செய்யும் பழம்பேச்சை
என் தொடக்க வரியாக வைத்திருந்தேன்.
எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும்
அதையேதான் வைத்திருந்தார்கள்.

ஆகவே மேடையில் வேறு ஒன்றும் இல்லாமல்
கிழிந்த கையுறையில் தொடங்கினேன்.
மைக் என் மூச்சை என்னைவிடச் சத்தமாக விட்டது.
எதிரணிப் பையன் எழுந்தான்:
"மூடச் சொல்றீங்களே, உங்க வீட்ல யாராவது
அங்க வேலை செய்றாங்களா?"
நான்கு விநாடி.
மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
"செய்றாங்க" என்றேன்.
அடுத்த வரி தானாக வந்தது,
எந்தக் குறிப்பிலும் இல்லாத வரி:
"மூடுறதுன்னா யாருக்குச் சம்பளம் நிக்கும்னு
தெரிஞ்சுதான் பேசுறேன்."

தணிகை, எங்கள் தெருவைப் பேசினான்.
ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸ் மூடிகள் அழுந்தும் சத்தத்தை,
ஷூ கம்பெனி வேனுக்கு
ஈரத்தலையோடு ஓடும் அக்காக்களை.
நான் பிறந்த தெரு,
இவ்வளவு நன்றாக எனக்குத் தெரிந்ததில்லை.
எதிரணிக்குக் கைதட்டக் கூடாது.
தட்டினேன்.

கேடயம் அரக்கோணத்துக்குப் போனது.
எங்களுக்கு ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ்.
சான்றிதழில் ஜெனிலா 'ஜெமிலா' ஆகியிருந்தாள்.

பிளாட்பாரத்தில் சமோசா தின்றுகொண்டே
மறுபடி ஆரம்பித்தோம்,
இந்த முறை அவரவர் சொந்தப் பக்கம்.
அவன் பாதியில் நின்றான். நானும்.
இரண்டு பேருக்குமே
அடுத்து எதிரே என்ன வரும் என்று தெரிந்திருந்தது.
ரயில் தாமதம் நல்லதாகப் போயிற்று.

ராத்திரி அப்பா கேட்டார்:
"ஜெயிச்சியா?"
"இல்ல."
"யாரை எதுத்துப் பேசுன?"
ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்,
"உன்ன."

கை கழுவிவிட்டு வந்தார்.
விரிசல் விட்ட கைபேசியை எடுத்து
கண்ணுக்கு அருகே வைத்துத் தடவினார்.
"எத்தன நிமிஷம்?"
"மூணு."
"வெச்சிட்டேன். பேசு."