மணிக்குப் பத்து மைல்

வெண்டல் ஏசி ரிப்பேர் செய்கிறவன்.
நான் பல் மருத்துவமனையில்
அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள்.
இருவருமே பொந்துக்குள் கைவிட்டுப் பிழைக்கிறோம்
என்பான் புதிதாக யாரைப் பார்த்தாலும்.

சனிக்கிழமை இருட்டியதும்
மியாமியின் வெளிச்சம் முதுகுப் பக்கம் வெளுத்துக் கிடக்க
கால்வாய்ச் சாலையில் வண்டியைத் திருப்புவோம்.
மணிக்குப் பத்து மைல்.
அதற்கு மேல் போனால்
குச்சியெல்லாம் பாம்பாகும்
பாம்பெல்லாம் குச்சியாகும்.
இடப்பக்கம் அவனுக்கு, வலப்பக்கம் எனக்கு,
நடுவில் ஹயலியாவில் வாங்கிய கியூபக் காபி,
ஆறுவதற்குள் யார் முதலில் பார்ப்பது என்று.

பிடித்து விற்பீர்களா என்கிறாள் என் அக்கா மரிட்சா.
இல்லை.
தோலுக்கா?
இல்லை.
பார்த்துவிட்டு?
எழுதிக்கொள்வோம்.
குழந்தை இல்லாத வீட்டில் இப்படித்தான் என்று
ஸ்பானிய மொழியில் சொல்வாள், வெண்டலுக்குப் புரியாதென்று.
அவனுக்குப் புரியும்.

நோட்டில் கட்டம் போட்டிருக்கிறோம்:
தேதி, இடம், வெப்பம்,
உயிரோடு அல்லது சாலையில் செத்தது,
செத்ததென்றால் எதனால்.
வாய் திறந்தால் பஞ்சாக வெளுக்கும் நீர்விரியன் நாற்பது இருக்கும்.
சோளப் பாம்பு, பச்சைப் பாம்பு,
ஒருமுறை மழைக்குழாய்க்குள் ஓர் ஆமை,
எங்களைப் பார்த்து அலுத்துக்கொண்டது.
சேற்றுப் பாம்பின் பக்கம் மட்டும்
பதினோரு வருடமாகத் தலைப்போடு நிற்கிறது.

வெண்டலின் வடக்கு ஜில்லாவில்
மரம் வெட்டுகிறவர்கள் சொல்வார்களாம்,
அது தன் வாலைத் தானே கவ்விச் சக்கரமாகி
ஆளைத் துரத்தி உருண்டு வரும்,
வால்முள்ளால் குத்தினால்
பச்சை ஓக் மரமும் பட்டுப்போகும் என்று.
அவன் நம்பவில்லை. ஆனாலும் சொல்லும்போது
காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வான்.

ஜூன் மாதம், மழை விட்ட இரவு.
தவளைகள் சாலைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் பார்க்காத இரவு.
வெள்ளக் காப்பீட்டுத் தவணை இரட்டிப்பாகிவிட்டதென்று
காலையில் கடிதம் வந்திருந்தது.
வீட்டை விற்றுவிட்டு
ஜார்ஜியாவில் உன் தம்பியிடம் போய்விடலாம் என்றேன்.
அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.
மணிக்குப் பத்து மைல்தான்.

ஈரத் துணியை மிதித்தாற்போல ஒரு சின்ன மேடு.

இறங்கினோம்.
கறுப்பென்றால் மழை குடித்த தார்க் கறுப்பு,
அடிவயிறு கட்டம் கட்டமாகச் செங்கல் சிவப்பு.
நான்கடி இருக்கும்.
பின்சக்கரத்தின் வரி அதன் நடுவில் தெளிவாகப் பதிந்திருந்தது.
வெண்டல் தொப்பியைக் கழற்றிப்
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டான்.

தூக்கியது நான்தான்.
செத்த பிறகும் வால் நுனி
என் உள்ளங்கையில் எதையோ தேடி அழுத்தியது,
மை தீர்ந்த பேனா அழுத்துகிற மாதிரி.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் தேவலை.
அரம்போல் அறுக்கும் கோரையை விலக்கி
தண்ணீர் ஓரம் வைத்தேன்.

நோட்டை அவன் தொடவில்லை.
தேதி எழுதினேன். எழுபத்தெட்டு டிகிரி.
எதனால் என்ற கட்டத்தில்
லாரி என்றோ தெரியவில்லை என்றோதான் இதுவரை எழுதியிருக்கிறோம்.
நாங்கள் என்று எழுதினேன்.
காபி ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தோம்.

காப்பீட்டுக் கடிதம்
இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது.
அடுத்த சனிக்கிழமை
வண்டியைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தோம்.
கொசு எங்களைப் பாதி தின்றது.
பாம்பு ஒன்றுகூட இல்லை.
கால்வாயில் டார்ச் அடித்தால்
முதலைக் கண்கள், அணையாத சிகரெட் நுனிகளாக.
பதினான்கு என்றேன்.
அதற்குள் ஒன்று முங்கிவிட்டது,
பதின்மூன்றுதான் என்றான்.
நான் எண்ணும்போது இருந்ததே.
எழுதும்போது இல்லையே.

வீடு போய்ச் சேரும்வரை
இதையேதான் சண்டை போட்டோம்.