ரெண்டு ஒன்பது

சனிக்கிழமை ராத்திரி
முதுநகரில் ஐஸ் கம்பெனி மாடி.
கீழே கம்ப்ரசர் ஓட
மேலே தரை மெல்ல நடுங்கும்.
யாருக்குக் கை நடுங்குகிறது
யாருக்குத் தரை என்று
பிரித்தறிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

போலீஸ் வந்தால் நாங்கள் கேரம் ஆடுகிறோம்.
பலகை தயாராகச் சுவரோரம் நிற்கிறது.
காய்கள்தான் பணம்:
கறுப்பு ஐம்பது, வெள்ளை நூறு, சிவப்பு ஆயிரம்.
பெட்டிக்கு ஒரு சிவப்புதான் என்பதால்
பீட்டர் ஆரோன் பதினான்கு பெட்டி வாங்கினான்.
பள்ளிக்கூடத்துக்கா சார் என்றாராம் கடைக்காரர்.

முன்பு மங்காத்தா, பிறகு ரம்மி,
இப்போது ஊருக்கே போக்கர் பிடித்திருக்கிறது.
செம்மண்டலத்துப் பல் டாக்டர்,
நெல்லிக்குப்பம் கரும்பு லாரிக்காரர்,
மஞ்சக்குப்பம் கோர்ட்டு குமாஸ்தா,
எல்லோருக்கும் திடீரென்று
கறுப்புக் கண்ணாடி முளைத்துவிட்டது,
இரவு ஒன்பது மணிக்கு.

புதிதாக வருகிறவனுக்கு
இந்த ஆட்டத்தில் மீன் என்று பெயர்.
துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எனக்குத் தெரிந்த மீன் எதுவும்
பர்ஸோடு படியேறி வந்து
இங்கதான் ஆடுவாங்களா என்று கேட்டதில்லை.

வருகிறவர்கள் முதலில்
என்னைப் பார்த்து டீ சொல்வார்கள்.
கொண்டுவந்து வைப்பேன்.
பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன்.
அந்த ஒரு கிளாஸ் டீக்கு
எப்படியும் மூவாயிரம் வரும்.

வஞ்சிரக் கூடைக்கு முன்னால் நிற்கும் வியாபாரி
வேண்டுமென்றால் வானத்தைப் பார்ப்பான்.
வேண்டாமென்றால் மீனைப் பார்ப்பான்.
இருபது வருஷம் அதைத்தான் படித்தேன்.
சீட்டு அப்புறம் வந்தது.

சீராளன் வந்தது மாசியில்.
சிப்காட் சாயக் கம்பெனி,
நகக்கண்ணில் போகாத நீலம்.
இரண்டு சீட்டையும் ரேஷன் கார்டு மாதிரி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான்.
மேஜையில் மூன்று ஆட்டின் விழுந்திருந்தது.
என் கையில் ஒன்றுமில்லை.
வானத்தைப் பார்க்காமல்
மீனையும் பார்க்காமல்
எட்டுச் சிவப்பையும் நடுவில் தள்ளினேன்.
லாரிக்காரர் எறிந்துவிட்டார். டாக்டர் எறிந்துவிட்டார்.
இவன் மட்டும் காய்களை எண்ணினான்.
எங்கிட்ட ஒம்போது ரெண்டு இருக்கு,
போதுமாக்கா?

போதும்.

எந்த ஊர்ப் பொய்யாக இருந்தாலும்
கேட்கிறவனுக்குக் கொஞ்சம் பாஷை தெரிய வேண்டும்.
இவனிடம் நான்
சுவரிடம் பேசுவது போலப் பேசியிருக்கிறேன்.

மூணு ஆட்டின் கெடக்கே, பயமில்லையா என்றேன்.
கெடந்தா?
உட்கார்த்திவைத்துச் சொன்னேன்.
ஒரே ஜாதி அஞ்சு சேர்ந்தா
உன் ரெண்டு ஒம்போது செல்லாது.
பஞ்சாயத்து எலெக்ஷன் மாதிரியா என்றான்.
பிறகு முகம் வெளுத்து,
ஐயோ, தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேனே.
அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

ஒரு மாதம் ஆளில்லை.
நைட் ஷிஃப்டில் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து
போனில் வீடியோவாகப் பார்த்தானாம்.
பங்குனியில் வந்தான்,
கறுப்புக் கண்ணாடியோடு.

மூன்று இஸ்பேடு விழுந்தது.
என் கையில் கிளாவர் ஏழு, டைமன் ரெண்டு.
தள்ளினேன்.
வெகுநேரம் என்னைப் பார்த்தான்.
அவன் கழுத்து நரம்பில்
அத்தனை வீடியோவும் ஓடியது.
நெற்றியைத் தேய்த்தான்.
உள்ளே போட்டிருந்த ஒன்பதாயிரத்தையும் விட்டு
சீட்டைத் திருப்பிக் காட்டினான்:
ரெண்டு ராஜா.

உங்க கைல ஃப்ளஷ்னு புரிஞ்சிடுச்சுக்கா.
நல்லா ஆடறேன் இல்ல?
தேறிட்டான்டா என்றான் பீட்டர் ஆரோன்,
என் பக்கம் திரும்பாமல்.
என் சீட்டைக் கவிழ்த்தபடியே
கட்டுக்குள் செருகினேன்.

டீ சாப்பிடுறியா என்றேன்.
சக்கரை கம்மியா என்றான்.
அதற்குள் கரண்ட் போயிருந்தது.
எமர்ஜென்சி விளக்கில் கிளாஸை எடுத்து வந்தேன்.
வரும் வழியிலேயே பாதி தளும்பிக் கொட்டிற்று.
தரையைத்தான் நினைத்தேன்.

கம்ப்ரசர் நின்று
ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.