பால் முதலிலா, பிறகா

எங்களுக்கு விடியற்காலை மூன்றரை,
ஹல் நகரத்தில் இரவு பத்து.
மூன்று வாரமாகக் குப்பை எடுக்கவில்லையென்று
டி.வி.க்கு போன் போட்டிருக்கிறாள் மௌரீன்.
அவள் பேசப் பேச இயந்திரம் எழுதும்,
இயந்திரம் எழுத எழுத
கோத்தகிரியில், டான்டீ லைன் வீட்டில்,
குல்லாயும் ஹெட்போனுமாக நான் திருத்துவேன்.
காலை மறு ஒளிபரப்பில்
காது கேளாதவர்கள் படிப்பார்கள்.

'பின்' என்று அவள் சொன்னது
இயந்திரத்தின் காதில் 'பீன்' என்று விழுந்திருக்கிறது.
மூன்று வாரமாக பீன்ஸ் எடுக்கவில்லை.
கட்டபெட்டில் அது உண்மைதான்,
கிலோ எட்டு ரூபாய்க்குப் பறிகூலி கட்டாதென்று
செடியிலேயே முற்ற விட்டிருக்கிறார்கள்.
இருந்தாலும் மாற்றினேன்.

அடுத்த நாற்பது நிமிடம்
டீக்குப் பால் முதலில் ஊற்றுவதா, பிறகா.
பத்தொன்பது பேர் பேசினார்கள்.
லீட்ஸ்காரர் ஒருவர் கிட்டத்தட்ட அழுதார்,
முப்பத்தொரு வருட மனைவி
முதலில் ஊற்றுகிற கட்சியாம்.
இலை எங்கே விளைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.
அதற்கென்ன,
சீனி எங்கிருந்து வருகிறதென்று
நாங்களும் கேட்டதில்லை.
பக்கத்து அறையில் அம்மா எழுந்து
வரக்காப்பி போடுகிறாள்.
நாள் முழுக்கக் கொழுந்தெடுக்கிறவள்,
வீட்டிலும் அந்த வாசமா என்பாள்.
பால் பேச்சுக்கே இடமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு
அங்கே பிரதமர்கள் மாறிய கணக்கு எனக்கே குழம்பும்.
கறுப்புக் கதவு, வாசலில் ஒரு மேடை,
பெரும்பாலும் மழை.
நன்றி சொல்கிற இடத்தில் தொண்டை அடைத்தால்
[குரல் தழுதழுக்கிறது] என்று போடலாமா?
கோயம்புத்தூர் மேனேஜர் ஜெயகீர்த்தி சொன்னார்,
"இருமல்னு போடுங்க, போதும்."

அரசியல் நேரம் பாதி தாண்டினால்
யாராவது ஒருவர் வந்துவிடுவார்:
வந்தவர்களெல்லாம் வந்த இடத்துக்கே போகட்டும்
நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு,
இயந்திரம் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.
எங்கள் லைனில் முப்பத்தாறு வீடு.
நுவரெலியாவில் பிறந்து
மண்டபம் முகாமில் எண் வாங்கி
இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள் பாதி.
கடைத்தெருவில் இன்னும் சிலோன்காரர் என்பார்கள்.
அங்கே இருந்தபோது பெயர் இந்தியாக்காரர்.
வந்த இடம் எதுவென்று
அப்பா மட்டும் சாகும்வரை குழம்பாமல் சொன்னார்:
"கப்பல்."
சொன்னது சொன்னபடி, அதுதான் விதி.
முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது,
வைத்தேன்.

பாட்டு வந்தால் வரி எழுதக்கூடாது,
ஓர் இசைக்குறி போதும்.
ஆகவே பாட்டு என்பது என் கைகளுக்கு ஓய்வு.
மூடிப்போன ஏதோ சுரங்க ஊரின் பித்தளை பேண்டு,
கிழவர்களும் பள்ளிக்கூடப் பெண்களும்.
டிசம்பரில் சர்ச்சிலிருந்து லைனுக்கு வருகிற செட்டைப் போலவே
உச்சிக்கு ஏறும் முன்
ஒரு மடக்கு மூச்சு வாங்குகிறார்கள்.
மூச்சுக்குக் குறி கிடையாது.

நாலரைக்கு ராஜலிங்கம் பிக்கப்பைக் கிளப்புவான்,
மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்.
"உங்க ஊர்ல என்ன விசேஷம்?"
தண்டவாளத்தில் இலை விழுந்து ரயில் ரத்து என்றேன்.
"இலைக்கா?"
நம் ரயில் மண்சரிவுக்கும் யானைக்கும் நிற்பது.
"இலைக்கா!" என்று
கேட்டைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனான்.

முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்போதுதான்
மேல் லைனில் நாய்கள் பிடித்துக்கொண்டன.
கரடி. முந்தாநாள் மாரியம்மன் கோயிலில்
விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன அதே கரடி.
எந்தப் பக்கத்துச் சத்தமென்று யோசிக்காமல்
குளிரில் விறைத்த விரல்
மௌரீன் பேச்சின் நடுவே தட்டிவிட்டது:
[தூரத்தில் நாய்கள் குரைக்கின்றன]

மறுநாள்தான் கவனித்தேன்.
ஜெயகீர்த்தி கண்ணுக்கும் படாமல்
அப்படியே போய்விட்டிருந்தது.
ஹல்லில் யாரோ ஒருவர்
டோஸ்ட்டைக் கடித்தபடி படித்திருப்பார்,
சந்தேகமும் வந்திருக்காது.
மூன்று வாரமாகக் குப்பை எடுக்காத தெருவில்
நாய்கள் குரைக்கத்தானே செய்யும்.