அவதானிப்புத் தாள், இலக்கம் ஏழு

கொட்டாஞ்சேனை முன்பள்ளி. காலை ஒன்பது பத்து.
பிள்ளை: அஃப்ராஸ். வயது நான்கும் இரண்டு மாதமும்.
மூலைக் கதிரை அவர்களுடைய அளவு,
என் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது.

கண்டதை மட்டும் எழுது என்றார் ஹேமமாலி மிஸ்.
போன தாளில் ‘கவலையாக இருந்தான்’ என்றதைச்
சிவப்பால் வெட்டியிருந்தார்:
கவலையை எந்தக் கண்ணால் கண்டாய்?

சரி.
வாசலில் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்குகிறான்.
ஒரு சோடியை மட்டும் இடம் வலம் மாற்றி
முகம் திருப்பி வைக்கிறான்.
ஒன்பது பதினைந்து: ரீச்சர் திருத்துகிறார்.
ஒன்பது பதினாறு: பழையபடி.
“இவங்க ரெண்டு பேரும் கோவம்.”
நான் எழுதினேன்: வசனம் முழுமை, வயதுக்கேற்றது.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடலோர ரயிலுக்குக் கரண்டிகள் நடுங்கும் வீடு.
இரவு எட்டு ஐந்து.
அம்மா: “சோறு ஆறுது எண்டு அப்பாட்டச் சொல்லு.”
அப்பா மூன்றடி தள்ளி இருக்கிறார்.
எட்டு ஏழு. “பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லு.”
சொல்கிறேன்.
இந்த உத்தியோகம் எனக்கு எந்த வயதில் கிடைத்தது,
பதிவு இல்லை.

அவதானிப்பவர் பிள்ளையோடு பேசக்கூடாது.
வியாழன் காலை குனிந்து கேட்டுவிட்டேன்,
இவங்க எப்ப ராசியாவாங்க?
அவன் நிமிரவேயில்லை.
“மழ பெஞ்சா.
எல்லாத்தையும் உள்ளுக்கு எடுக்கணுமே.”

எந்தக் கட்டத்துக்குள்ளும் அது கொள்ளவில்லை.
தாளைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதினேன்.
வெளியே நல்ல வெயில்.