டோபிக் கடையில் வாசிப்பு

மண்டபத்துச் சாவியைப்
பூப்பந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டதால்
இந்த மாதக் கூட்டம்
யாப் அண்ணனின் டோபிக் கடையில்.
இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும்,
காற்றாடி உண்டு, வெளிச்சம் உண்டு.
வாடகை வேண்டாம்,
ஆளுக்கொரு துணிமூட்டை கொண்டுவந்தால் போதும் என்றார்.
கொண்டுவந்தோம்.
லோரி ஓட்டும் சிவநேசன்
கவிதைத் தாளோடு
நான்கு மாதம் துவைக்காத ஜன்னல் திரைகளையும்.

சுங்கை கெலாவில் இலக்கியத்துக்கு
இதுவரை இவ்வளவு சவர்க்காரம் செலவானதில்லை.

ஒன்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலி ஆறு.
மற்ற மூவர் இயந்திரங்கள்மேல் சாய்ந்து கேட்டார்கள்,
கேட்டுக்கொண்டே குலுங்கினார்கள்.
சிவநேசனின் மழைக் கவிதை
மூன்றாம் வரிக்கு வந்தபோது
ஐந்தாம் நம்பர் சடசடவென்று தண்ணீர் வடித்தது.
கைதட்டல் என்று நினைத்து
அவர் நிறுத்திக் கும்பிட்டார்.

பிறகு யோகேஸ்வரி.
பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவள்.
கதை, பதினோரு பக்கம்.
பால் ஸ்டோர், உச்சி வெயிலுக்குச் சற்று முன்னால்,
வாளிகளோடு வரிசையில் பெண்கள்,
தராசின் கொக்கி,
கொக்கிக்குப் பின்னால் ஒரு கிராணி,
வாளிக்கு மூன்று ராத்தல் குறைத்து எழுதுகிறவன்.
அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.
பேனாவை மட்டும் சொன்னாள்:
பச்சை மை, மூடியில் பல் தடம்.

"மூணு இல்ல."

உலர்த்திப் பக்கமிருந்து குரல்.
இரண்டு போர்வைகளைச் சுழலவிட்டு
எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்.
கூட்டத்துக்கு வந்தவர் இல்லை,
வீட்டு மெஷின் பழுது.
"ரெண்டு. நான் ரெண்டுதான் கொறைச்சேன்."

அருளப்பன்.
ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய்
இப்போது டாமான் மெலாத்தி என்று
வரிசை வீடுகளாய் நிற்கிறதே, அந்தத் தோட்டத்துக் கிராணி.

யாரும் பேசவில்லை.
உலர்த்தியின் சிவப்பு எண்கள்
பதினான்கு நிமிடம் என்றன.
அவர் பார்த்த கதவு திறந்துதான் இருந்தது.
போர்வை உள்ளே இருந்தது.

யோகேஸ்வரி தாளை மடக்கவில்லை.
"எங்கம்மா மூணுன்னாங்க."
"எந்த நெரை?"
"எட்டாம் நம்பர் மேடு. வீராயி."
கண்ணாடிக்குள் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
"எட்டாம் நம்பர்ல பாலு தண்ணியா இருக்கும்" என்று தொடங்கினார்,
முடிக்கவில்லை.
"மேல கணக்கு கேட்டாங்க" என்றார்.
கொஞ்சம் கழித்து
"மேல மட்டும் இல்ல" என்றார்.
பிறகு,
"வாசி."

வாசித்தாள்.
குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை.
மூன்று வரும் இடமெல்லாம் மூன்று என்றே.
ஏழு இடத்தில் வந்தது. எண்ணினேன்,
செயலாளர் வேலை அது.

நடுவில் நேப்பாளத்துத் தம்பி ஒருவன் வந்து
காவலர் சீருடையை இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு
தமிழ் தெரியாமல்
அருளப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவர்தான் கதை சொல்கிறார் என்று நினைத்திருப்பான்.

உலர்த்தி மூன்று முறை கூவி நின்றது.
கதையில் இன்னும் இரண்டு பக்கம்.
அவர் எழுந்தார்.
சட்டைப் பையைத் துழாவினார்.
இன்னொரு டோக்கனைப் போட்டார்.
காய்ந்த போர்வைகள்
மறுபடி சுழலத் தொடங்கின.

குறிப்பேட்டில் எழுதியிருப்பது:
வருகை ஒன்பது. அதை அடித்துவிட்டு, பத்து.
அந்தத் தம்பியைச் சேர்ப்பதா என்று முடிவாகவில்லை.
வசூல் பதினேழு வெள்ளி, வடை போக மீதம் இரண்டு.
திருத்தம் ஒன்று கோரப்பட்டது.
ஆசிரியர் ஏற்கவில்லை.

அடுத்த மாதம் மண்டபம் கிடைக்கும்.
சாவி வாங்க வேண்டாம் என்கிறார் சிவநேசன்.
வீட்டில் இன்னும்
படுக்கை விரிப்புகள் கிடக்கின்றனவாம்.